மருந்துக்கு அடங்காத குடல் கிருமி: பெப்டைடு மருந்துகள் எதுவரை வந்திருக்கின்றன?

1. கோத்தகிரி டீச்சர்

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. ஒரு கேள்வி பல நாளாக உறங்கவிடாமல் செய்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. போன ஐப்பசி மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் சிறுநீருக்குப் போட்ட குழாய் வழியாகக் கிருமி ஏறி, ஐசியூ வரை போய்விட்டார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன, மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட எல்லாவற்றுக்கும் எதிரே 'ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி அடங்காது என்று. கொலிஸ்டின் என்ற வரியில் மட்டும் வேறு எழுத்து. அந்த ஊசியைத்தான் போட்டார்கள். காய்ச்சல் அடங்கியது, ஆனால் சிறுநீரகம் பாதித்தால் ஏறும் கிரியாட்டினின் 0.9-லிருந்து 2.4-க்கு ஏறியது. அது இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஊருக்கு வந்த ஐந்து மாதத்தில் இரண்டு தடவை சிறுநீரில் அதே கிருமி. முதல் தடவை உடம்பு தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். இரண்டாவது தடவை காய்ச்சல்கூட இல்லை, வழக்கமான பரிசோதனையில் ரிப்போர்ட் வந்ததும் ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஒரு மருத்துவர் சொன்னார்: "கிருமி குடலில் குடியேறிவிட்டதும்மா. அங்கேயிருந்துதான் திரும்பத் திரும்ப இறங்குகிறது."

தேடிப் படித்தபோது கொலிஸ்டினும் ஒரு பெப்டைடுதான் என்று தெரிந்தது. தவளைத் தோல், அந்துப்பூச்சி, மண் என்று எங்கெங்கோ இருந்து புதுப் பெப்டைடுகள் எடுப்பதாகவும் படித்தேன். என் கேள்வி இதுதான். வாயால் குடித்தால் குடலில் இருக்கும் அந்தக் கிருமியை மட்டும் கொன்று, சிறுநீரகத்தைத் தொடாமல் வெளியே போகிற ஒரு பெப்டைடு வருமா? வருமென்றால் ஏன் இன்னும் வரவில்லை?

2. ஆய்வகமேசை

அக்கா, நான் கேத்திக்காரன். பெங்களூரில் ஒரு பெப்டைடு ஆய்வகத்தில் நான்காம் ஆண்டு. நீங்கள் கேட்டிருப்பது எங்கள் துறையே தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த குட்டிச் சரம். கிருமியைக் கொல்லும் வகையில் பெரும்பாலானவற்றில் பத்து முதல் ஐம்பது மணி இருக்கும். அவற்றில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டும் நிறைய இருக்கும், இரண்டுக்கும் நேர்மின் சுமை. பாக்டீரியாவின் மேல்சவ்வுக்கு எதிர்மின் சுமை. அதனால் சரம் போய் ஒட்டிக்கொள்கிறது, சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கிறது, உள்ளே இருப்பது வெளியே ஒழுகிப் போகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த மின்சுமை கிட்டத்தட்ட இல்லை, கொலஸ்டிராலும் சவ்வைக் கெட்டியாக்குகிறது. ஆகவே நாம் ஓரளவு தப்பிக்கிறோம்.

இது இயற்கை ரொம்பப் பழங்காலத்திலேயே கண்டுபிடித்த ஆயுதம். 1981-ல் ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழு செக்ரோப்பியா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து 'செக்ரோப்பின்' எடுத்தது. 1987-ல் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் ஒன்றைக் கவனித்தார். ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை செய்து, தையல் போட்டு, கிருமி நிறைந்த அழுக்குத் தொட்டியிலேயே திரும்ப விட்டாலும் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. அந்தத் தோலில் இருந்து வந்ததுதான் 'மகைனின்'. நம் உடம்பிலும் உண்டு. சிறுகுடல் சுவரின் குழிகளில் பானெத் செல்கள் என்று இருக்கின்றன. அவை டிஃபென்சின் என்ற பெப்டைடுகளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஆறாம் எண் டிஃபென்சின் கிருமியைக் கொல்வதில்லை, வலை பின்னிப் பிடித்து வைக்கிறது. இதை 2012-ல் கண்டுபிடித்தார்கள். நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தக் கட்டுரையைப் படித்துத்தான்.

இனி, ஏன் குடிக்கக்கூடிய மருந்தாக வரவில்லை என்பதற்கு வருகிறேன். குடலுக்கு நல்ல பக்கம் ஒன்று, கெட்ட பக்கம் ஒன்று.

நல்ல பக்கம்: பெரிய மூலக்கூறு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது. உள்ளே போய், வேலையை முடித்து, வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. 'கிளாஸ்ட்ரிடியாய்டெஸ் டிஃபிசில்' என்ற குடல் கிருமிக்கு வான்கோமைசினை வாயால் கொடுப்பது இதனால்தான்.

கெட்ட பக்கம்: குடல் என்பது பெப்டைடுகளை வெட்டித் தின்பதற்காகவே உள்ள இடம். கணையம் டிரிப்சின் என்ற நொதியைச் சுரக்கிறது. அது சரத்தை எந்த இடத்தில் வெட்டும் தெரியுமா? சரியாக லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பக்கத்தில். கிருமியோடு ஒட்டுவதற்கு எந்த மணிகள் வேண்டுமோ, அதே மணிகளில்தான் கத்தி விழுகிறது. பருப்பையும் முட்டையையும் செரிப்பது மாதிரி மருந்தையும் செரித்துவிடும்.

கொலிஸ்டினுக்கு அது ஏன் நடப்பதில்லை? அதில் லைசினுக்குப் பதில் டைஅமினோபியூட்ரிக் அமிலம் இருக்கிறது. மின்சுமை அதேதான், கை மட்டும் கொஞ்சம் குட்டை. டிரிப்சினுக்கு அது அடையாளம் தெரிவதில்லை. போதாக்குறைக்குச் சரத்தின் பெரும்பகுதி வளையமாக முடிந்திருக்கும், நொதிக்குப் பிடிக்க முனை கிடைக்காது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா செய்துவைத்த வடிவம் அது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் வளையமாகக் கட்டுகிறோம், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடவலம் மாறிய டி-அமினோ அமிலங்களைக் கோக்கிறோம். டிரிப்சினிலிருந்து தப்புகிறது. அப்புறம் அடுத்த தலைவலி வரும்: ரத்தச் சிவப்பணுவையும் உடைக்க ஆரம்பிக்கும், இல்லையென்றால் பித்தநீரிலும் சளிப்படலத்திலும் சிக்கிச் செயலிழக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது.

3. குன்னூர் ஓய்வு

நான் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தென்னாடே இந்த மலைக்கு ஏறி வந்த காலம் அது. அதனால் இந்த மாதிரிப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல.

தம்பி, ஒரு சந்தேகம். சவ்வையே குலைக்கிற ஆயுதம் என்றால் கிருமி எப்படி அதற்குப் பழகும்? பூட்டை மாற்றலாம், சுவரையே மாற்ற முடியுமா?

4. கூடலூர் டாக்டர்

ஐயா, மாற்றிக் காட்டிவிட்டது. கொலிஸ்டின் விஷயத்தில் அதுதான் நடந்தது. மேல்சவ்வில் உள்ள லிப்பிட்-ஏ என்ற பகுதியில் ஒரு சின்ன வேதிக்குழுவைச் சேர்த்து, எதிர்மின் சுமையைக் கிருமி குறைத்துக்கொள்கிறது. கொலிஸ்டின் ஒட்டாமல் நழுவிவிடுகிறது. முன்பு கிருமியின் சொந்த ஜீன்களில் மாற்றம் வந்தால்தான் இது நடக்கும். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து எம்சிஆர்-1 என்ற ஜீன் பற்றிச் செய்தி வந்தது. அது பிளாஸ்மிடு என்ற தனித் துண்டில் இருக்கிறது, ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறக்கூடியது. பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்ததுதான் அது பரவ வழி செய்தது. இந்தியாவில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் 2019 ஜூலையில் தடை போட்டார்கள்.

டீச்சர், உங்களுக்குத் தனியாக ஒன்று. குடலில் கிருமி குடியிருப்பதும் நோய் வருவதும் வேறு வேறு. குடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கொடுத்துத் துடைக்க முயல வேண்டாம் என்பதுதான் 2019-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல். பலருக்கு மாதங்கள் போகப் போக, நல்ல பாக்டீரியாக்கள் திரும்ப வளர்ந்து, அது தானாகவே குறைகிறது. இடையில் தேவையில்லாத ஆன்டிபயாடிக் விழுந்தால் அந்த நல்லவைதான் முதலில் சாகும்.

இரண்டாவது தடவை காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல், அடிவயிற்று வலி, நடுக்கம் ஏதாவது இருந்ததா? குழாய் இன்னும் போட்டிருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லுங்கள், முக்கியம்.

5. பூம்பாறை விவசாயி

கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். டாக்டர் சொன்னதைப் படித்ததும் மனசு திக்கென்றது. எங்கள் மேட்டு வயல்களுக்குக் கீழ்நாட்டிலிருந்து லாரி லாரியாகக் கோழி எரு வருகிறது. பூண்டுக்கும் உருளைக்கும் கேரட்டுக்கும் அதுதான். மழை பெய்தால் படிக்கட்டு வயலில் ஓடும் தண்ணீர் எங்கே போகிறது? ஓடைக்கு. ஓடைத் தண்ணீரில்தான் கேரட்டைக் கழுவுகிறோம், கீழே இருப்பவர்கள் அதையேதான் குடிக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிருமியைக் கொல்லும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். டீச்சரின் அப்பாவுக்கு அது உதவாதா?

6. ஆய்வகமேசை

அண்ணா, பூண்டு நசுக்கும்போது வரும் அல்லிசின் ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவைக் கொல்வது உண்மை. ஆனால் அது பெப்டைடு அல்ல, சீக்கிரமே சிதைகிற பொருள். குடலின் கடைசி வரை போதுமான அளவு போய்ச் சேராது. உணவாகச் சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

எரு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. பச்சை எருவை அப்படியே போடாமல் குவித்து, புரட்டிப் போட்டு, உள்ளே சூடேறும்படி நன்றாக மக்கவிட்டால் கிருமிகளில் பெரும்பகுதி செத்துவிடும். எதிர்ப்பு ஜீன்கள் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது, குறையும். கேரட்டைக் கடைசியாக அலசும் தண்ணீராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

7. மசினகுடி பையன்

அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் எத்தனையோ வகைத் தவளைகள் இருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றைப் பிடித்துக் கொடுத்தால் நம் ஊரிலேயே ஆராயலாமே? நான் உதவத் தயார்.

8. சோலைத்தவளை

தம்பி, உன் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆனால் தயவுசெய்து ஒன்றைக்கூடத் தொடாதே. பதினைந்து வருடமாக மழைக்காலத்தில் டார்ச்சோடு ஓடைகளில் திரிகிறவன் நான். பழனி மலையில் இருக்கும் நட்சத்திரக் கண் தவளை மிகக் குறைந்த இடங்களில்தான் வாழ்கிறது. அத்தனை சின்ன உலகம். அனுமதி இல்லாமல் பிடிப்பது வனச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்கு உயிர்ப்பொருள் எடுக்கவும் விதிகள் உண்டு. சென்னையிலேயே இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் அதற்காகத்தான்.

தவளையைக் கொல்லவும் வேண்டாம். கேரளத்தில் கிடைத்த ஒரு தவளையை வைத்து திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி மையமும் அமெரிக்க எமரி பல்கலைக்கழகமும் செய்த வேலையைப் பார். தோலில் மிக மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, சுரந்த நீரை மட்டும் சேகரித்து, தவளையைத் திரும்ப விட்டுவிட்டார்கள். அதில் கிடைத்த ஒரு பெப்டைடுக்கு 'உருமின்' என்று பெயர், நம் சுருள்வாளான உருமியின் நினைவாக. 2017-ல் வெளிவந்தது. அது ஃப்ளூ வைரஸுக்கு எதிரானது, டீச்சர் கேட்கும் குடல் கிருமிக்கு அல்ல. இங்கே நான் சொல்ல வருவது சேகரித்த முறையை. வரிசை ஒரு முறை தெரிந்துவிட்டால் அப்புறம் ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம், தவளை ஓடையிலேயே இருக்கலாம்.

9. கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், நன்றாக யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை அப்பாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சாப்பிட்டார், வாக்கரோடு முற்றம் வரை நடந்தார். ரிப்போர்ட்டுக்காகத்தான் ஊசி. குழாயை எடுத்து நான்கு மாதமாகிறது.

ஆய்வகத் தம்பி, நல்ல பாக்டீரியாக்கள் முதலில் சாகும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. நீங்கள் செய்யும் பெப்டைடு சவ்வைக் குலைக்கும் என்றால், நல்லதையும்தானே குலைக்கும்?

10. ஆய்வகமேசை

அக்கா, இதைத்தான் நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ரொம்ப நாள் 'எத்தனை வகைக் கிருமியைக் கொல்கிறது' என்பதையே பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தோம். குடலைப் பொறுத்தவரை அது பெருமையே இல்லை. ஊரில் ஒரு திருடனுக்காக ஊரையே கொளுத்துவது போல.

எனக்கு நம்பிக்கை தருவது மூன்று.

முதலாவது டாரோபாக்டின். 2019-ல் அமெரிக்காவில் கிம் லூயிஸ் குழு கண்டுபிடித்தது. பூச்சிகளைக் கொல்லும் ஒருவகை நூற்புழுவின் குடலில் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது, அது செய்வது. ஏழே அமினோ அமிலம், இரண்டு வளையமாகக் கட்டியிருக்கும். உங்கள் அப்பாவிடம் இருக்கும் கிளெப்சியெல்லா மாதிரி, கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் அந்த வெளிச்சவ்வில் 'பாம்-ஏ' என்ற புரதம் உண்டு. சவ்வில் மற்றப் புரதங்களைப் பதிக்கும் கொத்தனார் அது. டாரோபாக்டின் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. குடலில் பெருவாரியாக வாழும் பாக்டீராய்டெஸ் போன்ற நல்லவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. யோசித்தால் அது இயல்புதான்: அந்தப் பாக்டீரியாவே ஒரு குடலுக்குள் வாழ்வது, தன் வீட்டை நாசமாக்காமல் எதிரியை மட்டும் விரட்டக் கற்றிருக்கிறது. எலிகளில் வேலை செய்தது. மருந்துக்கடைக்கு வரவில்லை.

இரண்டாவது, அயர்லாந்தில் 2010-ல் வெளிவந்த தூரிசின்-சிடி. இரண்டு பெப்டைடுகள் சேர்ந்து வேலை செய்யும் ஜோடி. டிஃபிசில் கிருமியைக் குறிவைக்கும், மற்றவற்றை அதிகம் தொடாது.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் இரவெல்லாம் பேசுவேன். மருந்தை வாயால் அனுப்பினால்தானே டிரிப்சின் வெட்டுகிறது? குடலிலேயே செய்துகொள்ளும் ஆளை அனுப்பினால்? 1917-ல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மனியில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்பவர் ஒரு படைவீரரின் மலத்திலிருந்து ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு வகையைப் பிரித்தார். சுற்றி எல்லோருக்கும் பேதி, அந்த வீரருக்கு மட்டும் ஒன்றுமில்லை. அந்தக் கிருமி 'ஈ.கோலை நிஸ்லே 1917' என்ற பெயரில் இன்றும் புரோபயாடிக்காக விற்கிறது. அது மைக்ரோசின் என்ற குட்டிப் பெப்டைடுகளைச் சுரக்கிறது. அழற்சி கண்ட குடலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியையும் மற்ற ஈ.கோலைகளையும் அவற்றால்தான் ஓரங்கட்டுகிறது என்று 2016-ல் எலிகளில் காட்டினார்கள். எதிரி எங்கே இருக்கிறதோ அங்கேயே, தேவையான அளவு, தேவையான நேரத்தில். இதைத் திருத்தியமைத்து நமக்கு வேண்டிய பெப்டைடைச் சுரக்கவைக்க இப்போது பலர் முயல்கிறார்கள்.

கணினி வேலையும் சூடு பிடித்திருக்கிறது. 2024-ல் வந்த ஒரு ஆய்வில் உலகம் முழுதும் சேகரித்த நுண்ணுயிர் ஜீன்களை இயந்திரக் கற்றல் மூலம் சலித்து 8,63,498 பெப்டைடுகளைப் பட்டியலிட்டார்கள். நூறு மட்டும் செய்து பார்த்ததில் 79 ஆய்வகத்தில் வேலை செய்தன. கண்டுபிடிப்பது இனிமேல் பெரிய கஷ்டமில்லை. குடலுக்குள் பிழைக்கவைப்பதுதான் கஷ்டம்.

11. எப்பநாடு உருளை

நூற்புழு என்றாலே எங்களுக்கு வயிறு எரியும். 1961-ல் இந்த மலையில்தான் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுவை இந்தியாவிலேயே முதலில் கண்டார்கள். அதோடு நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்கே தடை வந்தது. அதே நூற்புழு இனத்தில் இன்னொன்றின் வயிற்றில் மருந்து இருக்கிறது என்று படிக்கும்போது என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

12. நேர்கோடு

எல்லாம் படித்தேன். சந்தோஷம். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே?

சாஸ்லாஃபின் தவளைப் பெப்டைடிலிருந்து பெக்சிகனன் என்று ஒரு களிம்பு செய்தார்கள், சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு. மனிதர்களில் கடைசிக் கட்டச் சோதனை வரை போனது. ஏற்கெனவே இருந்த ஆஃப்லாக்சசினைவிட மேலாக இல்லை என்று 1999-ல் அமெரிக்காவில் அனுமதி மறுத்துவிட்டார்கள். அச்சாவோஜென் என்ற நிறுவனம் 2018-ல் புது ஆன்டிபயாடிக்குக்கு அனுமதியே வாங்கியது, அடுத்த ஆண்டே திவாலானது. புது ஆன்டிபயாடிக்கைப் பூட்டி வைத்து, கடைசிக்கு மட்டும் எடுக்க வேண்டும். நோயாளிக்கு அதுதான் சரி. ஆனால் விற்காத சரக்கை யார் செய்வார்கள்? பெப்டைடு என்றால் ஒவ்வொரு மணியாகக் கோக்க வேண்டும், செலவு இன்னும் அதிகம்.

நம் பக்கமும் முடியாது என்று சொல்லவில்லை. சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம் 2024-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது பெப்டைடு இல்லை, எதிர்ப்புக் கிருமிகளின் நொதியை அடக்கும் துணைமருந்து. கண்டுபிடித்ததிலிருந்து அனுமதி வரை எத்தனை வருடம் பிடித்தது என்பதைப் பார்த்தால், டீச்சரின் அப்பா காத்திருக்க முடியுமா என்பதுதான் என் கவலை. அரசே முன்பணம் கொடுத்து, விற்பனை அளவைப் பார்க்காமல் ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டால் மட்டுமே இது நடக்கும். பிரிட்டனில் அப்படி ஒரு சந்தா முறை தொடங்கியிருக்கிறார்கள்.

13. குன்னூர் ஓய்வு

அரசு நிலையங்களே செய்தால் என்ன? தடுப்பூசி மலைமேல் செய்தோமே. மனமிருந்தால் பெப்டைடும் செய்யலாம்.

14. கூடலூர் டாக்டர்

நேர்கோடு சொல்வதில் எனக்கும் உடன்பாடு. புது மருந்து வரும் வரை இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பத்தில் எட்டுப் பேர் கடையில் ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள் என்பது என் அனுபவம். பெரும்பாலானவர்களுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதும்.

டீச்சர், உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் தெரிந்தால், அப்பா மாதிரி வயதானவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்யப் போகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. தொந்தரவு இல்லாதபோது கல்ச்சரே எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால் ஏதாவது வளரும், வளர்ந்தால் யாராவது ஊசி போடுவார்கள். காய்ச்சல், நடுக்கம், குழப்பமான பேச்சு, இடுப்பு வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கூட்டிப் போங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். அப்பாவைத் தினமும் பார்க்கும் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், என் எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கழிப்பறை போய்வந்த பின் அவரும், அவரைத் துடைத்துவிடும் நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எந்தப் பெப்டைடுக்கும் குறைந்ததல்ல.

15. கோத்தகிரி டீச்சர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், ஒரு சாவு, அப்புறம் பள்ளித் தேர்வு.

போன வியாழன் அப்பாவின் மருத்துவரைப் பார்த்தோம். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரு நோட்டில் ஒட்டி, எந்த மருந்து எத்தனை நாள், அப்போது என்ன தொந்தரவு என்று பக்கத்தில் எழுதி எடுத்துப் போனேன். கூடலூர் டாக்டர் இங்கே சொன்னதை அப்படியே அவரிடம் கேட்டேன். அவர் நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். தொந்தரவு இல்லாவிட்டால் இனிமேல் கல்ச்சர் வேண்டாம் என்று சொன்னார். மாதாமாதம் எடுக்க எழுதியிருந்த சீட்டை அவரே வாங்கி அடித்துவிட்டார். கிரியாட்டினின் 1.1.

பூம்பாறை அண்ணா, எங்கள் கேரட் பாத்திக்கும் போன வருடம் பச்சைக் கோழி எருதான் போட்டோம். இந்த முறை குவித்து மூடி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆய்வகத் தம்பி, நிஸ்லே கதையை அப்பாவுக்கு எங்கள் படகர் மொழியில் சொன்னேன். அந்தப் படைவீரரின் பெயர் என்ன என்று கேட்கிறார்.